மரக்கன்றா, மதகா? டெல்டா ஊராட்சிகள் காலநிலைப் பணிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி

தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் அமைக்கப்பட்ட பிறகு, “உங்கள் ஊரில் காலநிலைக்காக என்ன செய்கிறீர்கள்?” என்ற கேள்வி ஊராட்சி அலுவலகம் வரை வந்துவிட்டது. அதற்குக் கிடைக்கும் விடை பல இடங்களில் ஒரே வார்ப்பில் இருக்கிறது: மரக்கன்று நட்டோம், தெருவிளக்கை எல்.இ.டி.க்கு மாற்றினோம், மஞ்சப்பை கொடுத்தோம். இவற்றில் எதுவும் வீண்வேலை அன்று. ஆனால் கார்த்திகையில் வயல் மூழ்கி, சித்திரையில் கைப்பம்பு உப்புக் கரிக்கும் ஒரு கடைமடை ஊருக்கு, அதாவது பாசன வாய்க்காலின் கடைசியில் இருக்கும் ஊருக்கு, இந்த மூன்றும் எந்த அளவுக்கு உதவும் என்று கேட்டால் விடை சொல்வது கடினம். ஒரு காவிரி டெல்டா ஊராட்சி பல பணிகளுக்கு நடுவே எதை முதலில் எடுப்பது, எதை ஊராட்சியே செய்வது, எதைப் பிற துறையிடம் கேட்டு வாங்குவது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

தணிப்பு, தகவமைப்பு

வளிமண்டலத்துக்குச் செல்லும் பசுமை இல்ல வாயுக்களைக் குறைப்பது தணிப்பு. ஏற்கெனவே மாறிவிட்ட மழைக்கும் வெயிலுக்கும் கடலுக்கும் ஏற்ப ஊரை ஆயத்தப்படுத்துவது தகவமைப்பு. தணிப்பின் பயன் உலகத்துக்குப் பொது. ஓர் ஊராட்சி எவ்வளவு குறைத்தாலும் அதன் பலன் அந்த ஊர் எல்லைக்குள் தனியாகத் தெரியப்போவதில்லை. தகவமைப்பின் பயன் அந்த ஊருக்கே உரியது. வடிகால் சீரானதா இல்லையா என்பது அடுத்த ஐப்பசி மழையிலேயே தெரிந்துவிடும்.

இரண்டுக்கும் அளவுகோல் வேறு. தணிப்பைக் கரியமில வாயுவுக்கு நிகரான டன் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு கிலோ மீத்தேன், நூறாண்டுக் கணக்கில், சுமார் 27 கிலோ கரியமில வாயு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இருபதாண்டுக் கணக்கில் இது ஏறத்தாழ 80 மடங்கு. யூரியா இட்ட வயலிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடுக்கு நூறாண்டுக் கணக்கு 273 மடங்கு. தகவமைப்புக்கு இப்படி ஒற்றை அலகு கிடையாது. எத்தனை ஏக்கர் எத்தனை நாள் மூழ்கிக் கிடந்தது, எத்தனை வீட்டுக்குக் கோடையில் நல்ல தண்ணீர் கிடைத்தது என்பன போன்ற கணக்குகளை ஊரே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. நன்மை என்று கருதிச் செய்த வேலை தீங்காக முடிவதைத் தவறான தகவமைப்பு என்பர். வெள்ளத்துக்கு அஞ்சி ஊர்ச்சாலையை இரண்டடி உயர்த்திவிட்டு, அதன் அடியிலுள்ள குழாய்ப் பாலத்தைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டால், சாலையே அணையாகி மேற்புறத்து வயல்களை மூழ்கடிக்கும். மலைப்பாங்கான ஊரில் இரண்டடி ஒரு பொருட்டன்று. தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சமதளமான நாகப்பட்டினத்திலும் திருவாரூரிலும் அது பெரிய உயரம்.

ஊராட்சியின் கைக்குள் இருப்பவை

1992இல் நிறைவேறிய 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகளைப் பதினோராம் அட்டவணையில் பட்டியலிட்டது. வேளாண்மை, சிறுபாசனம், சமூகக் காடு, குடிநீர் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. தாளில் பார்த்தால் ஊராட்சி ஒரு சிறு அரசாங்கம். நடைமுறையில், மேட்டூரில் தண்ணீர் திறப்பது முதல் ஆறுகளும் தலைமதகுகளும் கடைமடை ஒழுங்கிகளும் (கடலுக்கு அருகே நீரைத் தடுத்துவிடும் பலகைக் கதவுகள்) வரை நீர்வளத் துறையின் பொறுப்பு. நெல்லுக்கான பரிந்துரைகள் வேளாண்மைத் துறையிடமிருந்து வருகின்றன. கொள்முதல் நிலையத்தை நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்துகிறது. ‘சி’, ‘டி’ பிரிவு என்று சொல்லப்படும் சிறு வாய்க்கால்களை ஓராண்டு வேளாண் பொறியியல் துறை தூர் வாரும், மறு ஆண்டு ஊரக வளர்ச்சித் துறை தூர் வாரும், சில ஆண்டுகளில் விவசாயிகளே மண்வெட்டியோடு இறங்குவார்கள். தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், மேல்நிலைத் தொட்டி, ஊர்க்குளம், ஊராட்சிச் சாலை, குப்பை ஆகியவையே ஊராட்சி தன் தீர்மானத்தில் தானே முடித்துக்கொள்ளக்கூடியவை.

பணமும் தேர்வைத் திசைதிருப்பும். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பரிந்துரைத்த உள்ளாட்சி மானியத்தில் 60% குடிநீர், மழைநீர்ச் சேமிப்பு, துப்புரவு ஆகியவற்றுக்கென்றே கட்டாயமாக ஒதுக்கப்பட்டது; மீதி 40% மட்டுமே ஊர் விருப்பப்படி செலவிடத்தக்கது. பணம் எந்தத் தலைப்பில் வருகிறதோ அந்தத் தலைப்பே ஊரின் தேவையாக எழுதப்பட்டுவிடுகிறது. குளம் வெட்டத் தலைப்பு இருக்கிறது; வயல் வடிகாலின் வாயை அகலப்படுத்தத் தலைப்பு தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே டெல்டா ஊராட்சியின் காலநிலைத் திட்டத்தை இரண்டு பட்டியல்களாக எழுதுவதே முறை. ஒன்று தானே செய்யும் பணிகள். மற்றொன்று தீர்மானமும் அளவுக் கணக்கும் இணைத்துப் பிற துறைகளிடம் கேட்க வேண்டிய பணிகள். கனமான பணிகள் பெரும்பாலும் இரண்டாவது பட்டியலில்தான் வரும்.

ஒரு மாதிரிக் கணக்கு: தெருவிளக்கும் நெல்வயலும்

அளவு தெரியாமல் தேர்வு செய்வது நிறுக்காமல் விற்பது போன்றது. 200 தெருவிளக்குகளும் 100 ஹெக்டேர் குறுவையும் (ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய கால நெல்) உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். எண்கள் யாவும் தோராயமானவை. ஒப்பீட்டுக்கு மட்டும் உரியவை.

1. பழைய குழல்விளக்கு, சோக்கையும் சேர்த்து, 50 வாட் எடுப்பதாகவும் அதற்குப் பதிலாக 20 வாட் எல்.இ.டி. போடுவதாகவும் கொள்வோம். நாளொன்றுக்கு 11 மணி நேரம் எரிந்தால், விளக்கு ஒன்றுக்கு ஆண்டில் ஏறத்தாழ 120 யூனிட் மிச்சம். 200 விளக்குகளுக்கு 24,000 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே ஆண்டுக்கு 17 டன் குறையும்.

2. தெற்காசிய நெல்வயலுக்கு, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2019இல் திருத்திய வழிகாட்டி, தொடர்ந்து நீர் நிற்கும் ஒரு ஹெக்டேரில் நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் என்றும், சாகுபடிக் காலம் 112 நாள் என்றும் பொது மதிப்பு தருகிறது. ஒரு போகத்துக்கு 95 கிலோ. பருவத்தில் பலமுறை வயலைக் காயவிட்டால் இந்த அளவு 0.55 பங்காகக் குறையும் என்பது அதே வழிகாட்டியின் மதிப்பு. குறைவது 43 கிலோ மீத்தேன்; கரியமில வாயுக் கணக்கில் ஹெக்டேருக்கு 1.16 டன். 100 ஹெக்டேருக்கு 116 டன்.

ஒரே ஊரில், ஒரே போகத்தில், விளக்கைப் போல் ஏழு மடங்கு. இந்தக் கணக்கைக் குறைக்கும் காரணங்களும் உண்டு. எல்லா வயலிலும் எப்போதும் தண்ணீர் நிற்பதில்லை. காயவிடும் வயலில் நைட்ரஸ் ஆக்சைடு கூடுவதால் லாபத்தில் ஒரு பங்கு கழிந்துபோகும். விவசாயிகளில் பாதிப் பேரே சேர்ந்தால் பலனும் பாதிதான். இவ்வளவையும் கழித்த பிறகும் வயல் முன்னே நிற்க வாய்ப்பு அதிகம். எல்.இ.டி. விளக்கைப் போட வேண்டாம் என்பது இதன் பொருளன்று. ஊராட்சியின் மின்கட்டணத்தைக் குறைக்கும் பணி அது. அந்தக் காரணத்துக்காகவே செய்யலாம். காலநிலைக்கான பணி அத்தோடு முடிந்துவிட்டது என்று கருதுவதே பிழை.

இலக்கமிட்டுச் சொல்லும் அளவுக்கு மரக்கன்றில் செய்தி இல்லை. நட்ட எண்ணிக்கை வேறு, மூன்றாம் ஆண்டில் உயிரோடிருக்கும் எண்ணிக்கை வேறு. இரண்டாவது எண்ணைக் கேட்கும் படிவம் வரும்வரை முதல் எண்ணே அறிக்கையில் இருக்கும்.

காய்ச்சலும் பாய்ச்சலும்: குறுவையில் முடியும், சம்பாவில் முடியாது

தண்ணீர் மூடிய சேற்றுக்குள் காற்று புகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் வைக்கோலையும் வேரையும் சிதைத்து மீத்தேனை உண்டாக்குகின்றன. நெற்பயிரின் தண்டு வழியாகவே அதில் பெரும்பங்கு மேலேறி வெளியே செல்கிறது. வயலைச் சில நாள் காயவிட்டால் சேற்றில் காற்று புகும், மீத்தேன் உற்பத்தி நின்றுபோகும். இதைத்தான் வேளாண்மைத் துறை ‘நீர் மறைய நீர் கட்டுதல்’ என்கிறது. விவசாயிகள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பார்கள்.

செய்முறை எளிது. பக்கங்களில் துளையிட்ட, 10 முதல் 15 செ.மீ. அகலமுள்ள குழாயை வயலில் பதித்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தெரியும் நீர்மட்டம் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி தண்ணீர் கட்டினால் போதும். நட்ட முதல் இரு வாரமும், பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வயல் காயக் கூடாது. களிமண் பாங்கான பழைய டெல்டாவில் மயிரிழை வெடிப்பைத் தாண்டி வயல் வாய் பிளந்துவிட்டால், அடுத்துக் கட்டும் தண்ணீர் வெடிப்பு வழியே கீழே போய்விடும். மிச்சம் பிடித்த தண்ணீர் அங்கேயே செலவாகும்.

இவ்வளவு எளிய முறை ஏன் பரவவில்லை என்றால், குறை குழாயில் இல்லை, மதகில் இருக்கிறது. முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலில் அடுத்த முறை என்றைக்கு வரும் என்று உறுதியாகத் தெரியாத விவசாயி, வந்த தண்ணீரை முழங்கால் அளவுக்குத் தேக்கி வைத்துக்கொள்ளத்தான் செய்வார். அவரிடம் மீத்தேனைப் பற்றி வகுப்பெடுப்பதில் பயனில்லை. முறைப்பாசன அட்டவணையை முன்கூட்டியே அறிவித்து, அறிவித்தபடி விட்டால், வயலைக் காயவிடும் துணிவு தானாக வரும். பம்புசெட் வைத்திருக்கும் குறுவைக்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. வேண்டும்போது மோட்டாரைப் போடலாம். தொடங்க வேண்டிய இடம் அவருடைய வயலே.

மழைக்காலத்தில் வளரும் நீண்ட காலப் பயிரான சம்பாவிலும், குறுவை அறுத்தபின் நடும் தாளடியிலும் கதை மாறிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் வயலைக் காயவிடுவது விவசாயியின் கையில் இல்லை. மழையும் வடிகாலுமே தீர்மானிக்கின்றன. சம்பாவில் தணிப்பு வேண்டுமென்றால் வைக்கோலைக் கவனிக்கலாம். அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் தாளை நடவுக்கு ஒரு மாதத்துக்குள் சேற்றில் மடக்கி உழுதால் மீத்தேன் மிகும். ஒரு மாதத்துக்கு மேல் முன்னதாக மடக்கி மக்கவிட்டால், ஐ.பி.சி.சி. மதிப்பின்படி, அதன் தாக்கம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. தாளடிக்கு அவ்வளவு இடைவெளி கிடைக்காது. அங்கே வைக்கோலைக் கட்டி மாட்டுக்கும் எருக்குழிக்கும் அனுப்புவதே வழி.

வடிகாலின் குறுகிய வாய்

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை பெய்தது. ஓர் ஏக்கரில் அது ஏறத்தாழ 17.8 லட்சம் லிட்டர் தண்ணீர். எந்தக் குளமும் எந்தத் தோப்பும் இதைத் தாங்கிக்கொள்ளாது; வெளியேற்றினால்தான் பயிர் பிழைக்கும். டெல்டாவின் பாசன வாய்க்கால்களுக்கு ஆயிரம் கண்கள் காவல். வடிகாலுக்கு, மழை வரும்வரை, ஆளில்லை.

தூர் வாருவது என்றால் இயந்திரம் இறங்கிக் கரையில் மண் குவிவதையே எல்லோரும் நினைக்கிறோம். ஒரு வடிகாலின் திறனை அதன் மிகக் குறுகிய இடமே முடிவுசெய்கிறது. சாலைக்கு அடியில் இரண்டடி விட்டமுள்ள குழாய் ஒன்று கிடக்கிறது. அதில் பாதி உயரத்துக்கு வண்டல். வாயில் நெய்வேலிக் காட்டாமணக்கின் தண்டுகள் குறுக்கே மாட்டி, அவற்றில் வெங்காயத் தாமரையும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து மெத்தையாகி நிற்கின்றன. அதற்கு மேலே மூன்று கிலோமீட்டர் தூர் வாரியிருந்தாலும் தண்ணீர் இந்த அரைக் குழாய் வழியாகத்தான் போயாக வேண்டும். பணிக் கணக்கில் மூன்று கிலோமீட்டர் நிறைவு; வயலில் இடுப்பளவு நீர். வடிகாலைக் கடலோரக் கடைசியிலிருந்து மேல்நோக்கித் தூர் வார வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். மேலே மட்டும் வாரினால் கீழே உள்ள ஊரின்மீது வெள்ளத்தை விரைவாகத் தள்ளிவிட்டதாகும்.

இங்கே ஊராட்சி தன் சொந்தக் கையால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊர் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு குழாய்ப் பாலத்தையும் சிறுபாலத்தையும் நடந்து பார்த்து, அகலம், அடைப்பு, யார் பொறுப்பு என்று ஒரு பதிவேடு எழுதலாம். செலவு ஒரு நோட்டும் நான்கு நாள் நடையும். எந்தத் துறையிடம் எதைக் கேட்பது என்பதற்கு இதைவிட வலுவான ஆவணம் ஊராட்சியிடம் இருக்க முடியாது.

வடியும்வரை தாக்குப்பிடிக்கும் விதையும் வேண்டும். சி.ஆர். 1009 சப் 1 போன்ற ரகங்கள் ஏறத்தாழ இரு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் மீண்டும் துளிர்க்கும். பழைய ரகங்களில் காட்டுயானமும், உவர் நிலத்துக்குக் குழியடிச்சானும் களர்ப்பாளையும் பெயர் பெற்றவை. கடைமடை ஊருக்கு எந்த ரகம் பொருந்தும் என்று ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திடம் கிராம சபை எழுதிக் கேட்கலாம்.

மழையின் காலமும் மாறி அடிக்கிறது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், அறுவடைக்குத் தலைசாய்த்து நின்ற சம்பா, பருவம் தவறிய மழையில் நனைந்து முளைத்தது. கொள்முதல் நிலையம் கேட்பது 17% ஈரப்பதம்; தளர்வுக்கு ஒவ்வொரு முறையும் டெல்லியின் அனுமதி வேண்டும். நெல்லைச் சாலையில் காயவைக்கும் ஊரில் ஓர் உலர்களமும் தார்ப்பாயும் மேற்கூரையும் காலநிலைப் பணியே. காலநிலை என்ற தலைப்பில் இவற்றை யாரும் எழுதுவதில்லை.

கடலோர ஊர்களுக்கு வேறு வரிசை

வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்தில் முதல் கேள்வி உப்பு. ஆழ்குழாய்க் கிணற்றின் எண்ணிக்கையைக் கூட்டினால் குடிநீர்ப் பஞ்சம் தீரும் என்று தோன்றும். நன்னீரை எடுக்க எடுக்கக் கடல்நீர் உள்ளே நகர்ந்து, இரண்டு மூன்று கோடைக்குள் புதுக்கிணறும் கரிக்கத் தொடங்கும். தவறான தகவமைப்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. ஊர்க்குளத்தைக் காப்பதும், கடைமடை ஒழுங்கியின் பலகை ஓதத்தில் (கடல்நீர் ஏறிவரும் நேரத்தில்) கசியாமல் பார்ப்பதும் இங்கே முன்னுரிமை.

காற்றுக்குத் தடுப்பு என்ற கணக்கில் மரம் இங்கே உண்மையாகவே முக்கியம். எந்த மரம், எங்கே என்பது அதைவிட முக்கியம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரைகடந்த கஜா புயலில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் உவர் ஏறிப் பட்டுப்போன பகுதிகளில், மீன்முள் வடிவில் கிளை வாய்க்கால்கள் வெட்டி ஓதநீரை உள்ளே கொண்டுவந்த பிறகே நட்ட விதைகள் பிடித்தன. தண்ணீர் வந்து போக வழி செய்யாமல் அலையாத்தி நடுவது விதையை எறிவதற்குச் சமம்.

எந்தப் பணியையும் ஏற்குமுன் கேட்க வேண்டியவை

1. இந்தப் பணி குறைப்பது எதை? வாயுவையா, ஊரின் இழப்பையா? இரண்டையும் என்றால், எந்த அளவில் என்று எழுத முடிகிறதா?

2. யார் கையில் இருக்கிறது? பிற துறையின் கையில் என்றால், ஊராட்சியின் வேலை தீர்மானமும் கணக்கும் தொடர்ந்த நினைவூட்டலும். 2025 ஜனவரியில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்ற பின்னரும் கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்ட மதிப்பு குறைந்துவிடவில்லை.

3. ஐந்தாம் ஆண்டில் இதை யார் பராமரிப்பார்? இந்தக் கேள்வியில் தோற்கும் பணிகளே அதிகம். சூரிய மின்விளக்குக்குப் பேட்டரி மாற்றப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, கன்றுக்குக் கோடையில் நீர் ஊற்ற ஆள் குறிக்கப்பட்டிருக்கிறாரா என்று கேட்டாலே பட்டியல் பாதியாகிவிடும்.

4. கீழேயுள்ள ஊருக்கு இதனால் என்ன ஆகும்?

5. பலன் யாருக்கு? வாய்க்கால் தொடங்கும் இடத்தில் நிலம் வைத்திருப்பவருக்கும் கடைமடைக் குத்தகைதாரருக்கும் ஒரே பணி ஒரே பலனைத் தருவதில்லை. குத்தகைப் பத்திரம் இல்லாத சாகுபடியாளர் நிவாரணப் பட்டியலிலும் இடம்பெறாமல் போகிறார். அவருடைய வயலில் தண்ணீர் ஒரு நாள் முன்னதாக வடிவது அவருக்குக் கிடைக்கும் ஒரே காப்பீடு.

நாள்காட்டி

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மேட்டூர் வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. ஆறும் வாய்க்காலும் வறண்டு, இயந்திரம் இறங்க இடமிருப்பது சித்திரையிலும் வைகாசியிலும் மட்டுமே. வடிகாலையும் குழாய்ப் பாலத்தையும் பற்றிய தீர்மானம், பதிவேட்டின் நகலோடு, ஜனவரி 26 அல்லது மார்ச் 22 கூட்டத்தில் நிறைவேறினால்தான் மதிப்பீடு தயாராகி, பணம் ஒதுக்கப்பட்டு, தண்ணீர் வருமுன் வேலை முடியும். முறைப்பாசன அட்டவணைக்கான கோரிக்கை மே 1க்கு உரியது. வடிகால் தூர்வாரக் கேட்கும் தீர்மானம் அக்டோபர் 2 அன்று நிறைவேறினால், அது துறையின் மேசைக்குப் போய்ச் சேருவதற்குள் வயலில் தண்ணீர் நின்றுவிடும்.